அப்பாவின் காலுக்கு அடங்காத பிரேக்

கோலா கெத்தில்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ரூபினி எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் சுகமாக இருக்கிறார்கள். பெர்த்தில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று சொன்னீர்கள். காதை மூடும் தொப்பி இல்லாமல் வேலைக்குப் போகக்கூடாது என்று அம்மா எழுதச் சொன்னார்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் கூப்பிட்டதும் அப்பா ஸ்பீக்கரைப் போட்டு டிவி மேசைமேல் வைத்துவிடுகிறார். அவர் எதிரில் எனக்குப் பேச்சு வராது, அது உங்களுக்குத் தெரிந்ததுதான். வாட்ஸப்பில் எழுதினால் வேலைக்கு நடுவில் படித்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்புவீர்கள். இதை நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும் அண்ணே.

நீங்கள் அனுப்பிய டிஸ்க் பிரேக் சாமான்கள் எதுவும் உடையாமல் வந்தன. போன மழைக்காலத்தில் பாலிங் சாலையில் பிரேக் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து, அப்பாவின் மோரிஸ் மைனர் காடி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் கால்வாய் ஓரத்தில் நின்றதே, அதைக் கேட்டதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை என்று அண்ணி சொன்னார்கள். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் போட்டுவிட்டால் மழைக்கும் இறக்கத்துக்கும் பயமில்லை என்றீர்கள். அது சரிதான். நீங்கள் நல்லது நினைத்துத்தான் அனுப்பினீர்கள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவது வேறு மாதிரி இருக்கும்.

வேலை உங்கள் பள்ளித் தோழர் காளிதாசன் அண்ணன் பட்டறையில்தான் நடந்தது. ஒரு சக்கரத்தை அவர் செய்தார், மறு பக்கத்தை என்னைச் செய்யவிட்டார். பழைய டிரம்மைக் கழற்றி, ஹப்பைச் சுத்தம் செய்து, டிஸ்க்கை மாட்டி, அதைக் கவ்வும் கேலிப்பரை முறுக்கினேன். பெர்லிஸில் படித்த படிப்பு முதல் தடவையாகக் கைக்கு வந்த மாதிரி இருந்தது. பின் சக்கரங்கள் டிரம்மாகவே இருக்கின்றன. அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "எம்மவ இன்ஜினியரு, பாத்துக்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரப்பர் வாங்க வந்த ஒரு பெரியவர் பிரேக் பம்பை எட்டிப் பார்த்து, கிராணியாரின் காடிக்கு இப்போது டிராக்டர்காரன் மகளே வேலை செய்கிறாள் என்று கேலி செய்தார். எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டிய நம் அப்பா முனியாண்டி, அங்கே கணக்கெழுதிய கிராணியின் காரை வாங்கியதை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

காடியின் தரைக்குக் கீழே இருக்கும் அந்தப் பிரேக் பம்பில்தான் சிக்கல் வந்தது. ரப்பர் மாற்றப் பிரித்தோம். உள்ளே ஒரு சின்ன வால்வு இருக்கிறது. காலை எடுத்த பிறகும் அது எண்ணெயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்முக்கு அது வேண்டும். டிஸ்க்குக்கு அது ஆகாது. டிஸ்க்கைக் கவ்வும் பேட் அதை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். அதை எடுத்துவிடச் சொல்லி நீங்கள் அனுப்பிய தாளிலேயே போட்டிருக்கிறது. நான் காளிதாசன் அண்ணனிடம் காட்டினேன். அவர் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு: கழற்றினது எல்லாம் திரும்ப உள்ளே போக வேண்டும், வேலை முடிந்தபின் தட்டில் ஒன்றும் மிஞ்சக்கூடாது.

"ஒரு சாமான் மிஞ்சினாலும் காடிக்கு ஆகாது தங்கச்சி," என்றார்.

அப்பாவும் நாற்காலியிலிருந்தே அவரிடம், "கிராணியாரு காலத்துலேருந்து உள்ள இருந்த சாமான்டா. நீ போடு," என்றார். இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். கம்ப்ரசர் ஓடத் தொடங்கிவிட்டது. என் குரல் எப்படி என்றுதான் உங்களுக்குத் தெரியுமே. வால்வு உள்ளே போய்விட்டது.

மறுநாள் பூசை. புது சாமான் போட்ட காடி முனீஸ்வரன் கோயிலுக்குப் போகாமல் பாசாருக்குக் காய்கறி வாங்கக்கூடப் போகக்கூடாது என்பது அப்பாவின் முறை. எஸ்டேட் ஓரத்துக் கோயில் வரை நான்தான் ஓட்டினேன். வழியிலேயே வண்டி கனமாக இழுத்தது, முன்பக்கத்தில் கருகல் வாடை. கோயிலில் பூசாரி முருகையா தேங்காய் உடைத்து, சுருட்டு வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அப்போதுதான் அப்பா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "பாப்பாவுக்கு ஜொகூர்ல வேலை கெடச்சிருக்கு. காடி பழத்துல ஏறி எறங்கிடிச்சினா போய்ட்டு வரட்டும், சாமி. இல்லன்னா ஒங்க இஷ்டம்."

தெற்குக் கோடியிலிருக்கும் ஜொகூரிலிருந்து வேலைக் கடிதம் வந்த நாளிலிருந்து அவர் அதைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. இப்போது சாமி முன்னால் வழியனுப்புகிறார் என்று நினைத்தேன். எலுமிச்சம்பழத்தில் ஏறாத காடி எங்கே இருக்கிறது?

நம் காடி ஏறவில்லை. பூசை நடந்த நேரத்தில் சூட்டில் எண்ணெய் விரிந்து, முன் சக்கரங்களைப் பேட் இறுகக் கவ்விக்கொண்டது. நான் கிளட்ச்சை விட, என்ஜின் நின்றது. மறுபடி விட்டேன், மறுபடியும் நின்றது. ஒரு பழம்கூட நசுங்கவில்லை. சூலத்தருகே நின்ற நம் பக்கத்து வீட்டு லோகேஸ்வரி அக்கா என்னைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தார். அப்பா பானெட்டில் கையை வைத்தார்.

"முனி புடிச்சி வச்சிருக்காரு," என்றார். கோபம் இல்லை அண்ணே. அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதை நான் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

சூடு தணிந்ததும் சக்கரங்கள் தாமாக விட்டன. மறுவாரமே காளிதாசன் அண்ணனும் நானும் பம்பைப் பிரித்து வால்வை எடுத்தோம். தட்டில் அது தனியாகக் கிடந்ததை அவரால் பார்க்கவே முடியவில்லை, ஒரு துணியைப் போட்டு மூடினார். ஆனால் முன் சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிக் காட்டியபோது, "மன்னிச்சுக்க லா, தங்கச்சி," என்றார். அந்த வால்வை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். இதுதான் பிடித்தது, முனி இல்லை என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, இதான் புடிச்சிச்சி. அன்னைக்கின்னு பாத்து இத புடிக்கச் சொன்னது யாரு?"

நான் வால்வைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் இப்படி எழுதியிருக்கமாட்டேன். வால்வை எடுத்தபின் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. மழையிலும் நேராக நிற்கிறது. ஆனால் கால் கனக்கிறது. டிரம் பிரேக், சக்கரம் சுற்றுகிற வேகத்திலேயே தானும் கொஞ்சம் இறுகி, மிதிக்கிறவருக்கு உதவி செய்யும். டிஸ்க் அப்படிச் செய்யாது. மிதிக்கும் காலுக்கு உதவும் செர்வோ இல்லாவிட்டால் முழுப் பலமும் காலில்தான். அப்பாவின் வலது முட்டியை நினைத்துப் பாருங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு படியேறவே கையால் தொடையைத் தூக்கிவிடுகிறார். பள்ளித் திடலில் ஓட்டிப் பார்த்தோம். கோல் கம்பத்தை நோக்கி நேராகப் போனார். மிதித்தார், பல்லைக் கடித்து மிதித்தார், காடி நடந்துகொண்டே இருந்தது. நான் கைப்பிரேக்கை இழுத்தேன். அவர் இறங்கி, சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தார். நான் ஓட்டுகிறவர் இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து அந்த இருக்கை என்னுடையதாகிவிட்டது. முட்டிக்கு மருந்து வாங்க சுங்கை பட்டாணி, அம்மாவுக்குப் பாசார், செவ்வாயும் வெள்ளியும் கோயில், பாடாங் மேஹாவில் ஒரு கல்யாணம், மெர்கோங்கில் சித்தப்பா வீட்டுக் காதுகுத்து. நம் தாமான் குடியிருப்பில் எல்லோரும் புகழ்கிறார்கள். படித்த பிள்ளை அப்பாவுக்கு ஓட்டுகிறது பார் என்று தங்கள் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டுகிறார்கள். தேவகி அத்தை, இனி வரப்போகிற மாப்பிள்ளையும் இந்த ஊரிலேயே இருந்தால் வசதி என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டு, தெரிந்தவர்களுக்குக் கை காட்டிக்கொண்டு வருகிறார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார். போகாதே என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அழுதாவது பார்த்திருப்பேன்.

போன வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் அப்பா இறங்கிப் போனபின், பின் இருக்கையிலிருந்த அம்மா என் தோளைத் தொட்டார். நீங்களே அறிவீர்கள், நம் வீட்டில் அம்மா பேசுவது அபூர்வம்.

"ரொம்ப நல்லா ஓட்டாதடி," என்றார்.

பூக்கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். இந்தக் கடிதம் அவருக்கு மட்டும் தெரியும்.

ஜொகூரில் பாசிர் கூடாங் கம்பெனிக்காரர்கள் இன்னும் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு முறை தவணை கேட்டு வாங்கிவிட்டேன், இன்னொரு முறை தரமாட்டார்கள். இந்த மாதக் கடைசிக்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று சொல்ல வேண்டும். நேர்காணலில் நான் வாய் திறக்கவே பயந்தேன். கேள்வி கேட்ட அம்மையார் ஒரு பழுதான பம்பின் படத்தை என் முன்னால் தள்ளி, என்ன செய்வாய் என்று கேட்டார். அதன்பின் நான் நிறுத்தாமல் பேசினேன் அண்ணே. நானா பேசினேன் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கே வியப்பாக இருந்தது. அப்படிப் பேசிய அந்த ஆளை எனக்குப் பிடித்திருந்தது. இங்கே அவளுக்கு இடமில்லை.

போன வாரம் போனில், செர்வோ ஒன்று அனுப்பட்டுமா, என்ஜின் காற்றை இழுத்துக் காலுக்கு உதவி செய்யும், அப்பாவே மிதிக்கலாம் என்று நீங்கள் கேட்டீர்கள். அப்பா, "எதுக்குப்பா வீண் செலவு, பாப்பா நல்லா ஓட்டுது," என்று சொல்லிவிட்டார். நீங்களும் சரி என்று வைத்துவிட்டீர்கள். ஸ்பீக்கர் பக்கத்தில்தான் நானும் இருந்தேன். என்னிடம் நீங்கள் கேட்கவில்லை.

இப்போது நான் கேட்கிறேன். செர்வோவை அனுப்புங்கள். அதை எங்கே பொருத்துவது, குழாயை எப்படி இழுப்பது என்று காளிதாசன் அண்ணனோடு பேசி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை நான் சொல்கிறபடியே செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். முனியைப் பற்றி அப்பாவோடு வாதம் வேண்டாம். அவர் நம்பிக்கையை உடைத்துவிட்டுக் கிளம்ப எனக்கு மனமில்லை. நீங்கள் தலைப்பிள்ளை, நீங்கள் சொன்னால் கேட்பார். அப்பா தன் காலாலேயே காடியை நிறுத்துவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, அவ்வளவு மட்டும் சொல்லுங்கள். தன்னால் நிறுத்த முடிகிற மனிதருக்கு, அடுத்தவரைப் பிடித்து வைக்க வேண்டிய அவசியம் குறைந்துவிடும் என்று நினைக்கிறேன். தப்பாகவும் இருக்கலாம்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைக்கு முத்தம். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மா தினமும் விளக்கு ஏற்றுகிறார். தங்கைக்கு ஆசீர்வாதம் அனுப்புவதாக இருந்தால், அண்ணே, அதைச் சீக்கிரம் அனுப்புங்கள். செர்வோ பெட்டிக்கு முகவரி காளிதாசன் அண்ணனின் பட்டறையாக இருக்கட்டும். வீட்டுக்கு வேண்டாம்.

என்றும் உங்கள் தங்கை,
மு. ரூபினி