தாழம்பூ சர்பத்

கும்மிடிப்பூண்டி

என் மாமாவுக்கு,

ஒசூரில் புது வேலை பழகிவிட்டதா? இங்கே மழை விட்டுவிட்டது. பக்கத்து வீட்டு துர்கா பழவேற்காட்டிலிருந்து ஒரு தாழம்பூ கொண்டுவந்தாள். மடலை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, இன்று சர்க்கரைப் பாகில் சேர்த்தேன்.

"இன்னா வாசனக்கா! தெருமுனை வரைக்கும் வருது" என்றாள். வழக்கம்போலத் தலையாட்டினேன்.

போன வருடக் காய்ச்சலிலிருந்து அப்படித்தான் தலையாட்டுகிறேன், மாமா. பால் தீய்ந்ததும், கெட்ட மீனைக் குழம்பு வைத்ததும் அதனால்தான். "புத்திய எங்க வச்சிக்கினு சமைக்கிற?" என்று நீங்கள் கத்தியபோதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னைத் தனியே விட்டு ஒசூருக்குக் கிளம்பியிருப்பீர்களா?

எலுமிச்சை பிழிந்து கிளறும்போது மெல்ல ஏதோ மூக்கில் ஏறியது. தாழம்பூ! கரண்டியைப் போட்டுவிட்டு அழுதேன். துர்கா பயந்துவிட்டாள்.

சாயங்காலம் கம்பெனிகள் பக்கமிருந்து அந்த நாற்றம் அடித்தது. தெருவே முந்தானையால் மூக்கைப் பொத்தியது. நான் மட்டும் வாசலில் நின்று ஆசை தீர மூச்சை இழுத்தேன்.

சர்பத் ஒரு பாட்டில் உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். வரும்போது உங்கள் வேலைச் சட்டை ஒன்றைத் துவைக்காமல் கொண்டுவாருங்கள்.

இனிப் பாலைத் தீயவிடாத,
உங்கள் பெண்டாட்டி