வெறுந்தலை சல்யூட்

ஆமாம் அப்பா, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். இருமலும் விட்டுவிட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை என் அறைத்தோழி ஓர் இந்திப் படத்துக்கு இழுத்துப் போனாள். முதல் பாகத்தில் ஒரே உதையில் ஆறு பேரைப் பறக்கவிட்ட இன்ஸ்பெக்டர் எப்படிப் போலீஸ் ஆனான் என்பதுதான் இந்த இரண்டாம் பாகம். பயிற்சி முடிந்த அன்று வெறுந்தலையோடு விறைப்பாக சல்யூட் அடித்தான். "தொப்பி எங்கடா?" என்று கத்திவிட்டேன். தொப்பி இல்லாமல் சல்யூட் அடிக்கக் கூடாது என்று நம் வீட்டு டிவியை நீங்கள் திட்டுவீர்களே, அதே குரலில். அரங்கமே திரும்பிப் பார்த்தது.

வெளியே வந்ததும் தோழி கேட்டாள்: "ஏட்டு மகளே, உங்கப்பா எதுக்குப் போலீஸ்ல சேர்ந்தாரு?"

படத்து நாயகனுக்கு ஒரு கொலையும் ஒரு காதலும் காரணமாக இருந்தன. எனக்கோ அம்மா சொல்வது மட்டும்தான் தெரியும். "உயரம் இருந்துச்சு, சேர்ந்துட்டாரு." இருவரும் சிரித்தோம். வீட்டில் இருந்தவரை உங்களிடம் கேட்கத் தோன்றவே இல்லை.

நீங்களே எழுதுங்கள் அப்பா. சண்டைக் காட்சி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கூடவே உங்கள் பழைய பூட்ஸ் பிரஷையும் அனுப்புங்கள். இங்கேயும் பிரஷ் கிடைக்கிறது. அதில் உங்கள் பாலிஷ் வாசனை இல்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. பழைய காலுறையால் ஷூவைத் துடைத்துக்கொண்டு கிளம்புகிறேன்.