ரெண்டு தடவை இழுத்த கயிறு

அடித்தாலும் கோபம் வராத என் அந்தோணிக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் உப்புக் கிட்டங்கியில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு, வெள்ளையடித்த சுவரில் சின்னப் படங்கள் போட்டுப் பார்ப்போமே, அதை நான் நிறுத்தவில்லை. பத்துப் பதினைந்து பேர் வருகிறார்கள். உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை. உன் விஷயத்தில் நான் பொறாமைக்காரன், உனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு படம். உப்பளத்தில் கதாநாயகி ஓடுகிறாள். மேலே ஐப்பசி மேகம், கீழே பளபளவென்று புது உப்பு. மழையில் எவன்லே உப்பு வாரினான்? இன்னொரு படத்தில் ஒரு லாரி டிரைவர் துறைமுக வாசலில் முக்கால் மணி நேரம் காத்துக் கிடக்கிறான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. நம்ம ஊரில் அதற்குப் பெயர் செவ்வாய்க்கிழமை. ஆனாலும் அவன் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்த வாரம் மீரா என்று மெட்ராஸ் பிள்ளை ஒருத்தி வந்தாள். "தருவைகுளத்துல நான் எடுத்த படம், அண்ணாச்சி. ஊர்க்காரங்களுக்குப் போட்டுக் காட்ட உங்க கிட்டங்கி வேணும். முதல்ல நீங்க பாருங்க" என்றாள். விளக்கை அணைத்தேன். சுவரில் நீ வந்து நின்றாய்.

நீ போவதற்கு முந்தி, முழங்கால் வலி, தங்கச்சி வீட்டில் இருக்கேன் என்று ரெண்டு மாசம் அங்கே கிடந்தாயே. நடிக்கப் போனேன் என்று ஒரு வார்த்தை சொன்னாயா?

படம் நன்றாக இருக்கிறது. அதுதான் எனக்கு ஆகவில்லை. அடுத்தவன் சரக்கில் குறை கண்டுபிடிக்க முடியாதபோது வருமே ஓர் எரிச்சல், அது. நீ நடிக்கக்கூட இல்லை. கிழிந்த வலையைத் தள்ளி வைத்துவிட்டு, சங்கு குளித்த காலத்தைப் பேசுகிறாய், அவ்வளவுதான்.

பேசினாய் சரி, அதை ஏன் அவளிடம் பேசினாய்?

கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது உங்கள் வழக்கம். தங்கச்சி தாலி அவன் கையில் இருப்பதால் அசர மாட்டான், அடியிலிருந்து கயிற்றை இழுத்ததும் மேலே தூக்கிவிடுவான். உன்னைக் கட்டிய லூர்துவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. மழை கழிந்தும் உப்பளம் காயாத தை மாசம், வேலையில்லாமல் நின்ற என்னைக் கூப்பிட்டு, "இனி நீதாம்லே மச்சான்" என்று கயிற்றைக் கொடுத்தாய். அதைச் சொல்லியே முப்பத்தெட்டு வருஷமாய் இந்த ஊரில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறேன்.

அந்த மாசமே ஒரு நாள், நீ அடியில் இருக்கும்போது ஒரு பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் வந்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மூக்கில் ரத்தத்தோடு தானாக மேலே வந்தாய். "இழுத்தியாலே?" என்று பதறினேன். "இல்லலே, சும்மாதான் வந்தேன்" என்றாய். நம்பினேன்.

சுவரில் நீ சொல்லுகிறாய்: "ரெண்டு தடவ இழுத்தேன். மச்சான் கப்பல் பாத்துக்கிட்டு இருந்திருக்கான். சொன்னா ஒடஞ்சு போவான்னு சொல்லல."

நேரே உன் வீட்டுக்குப் போனேன். "ஏளா லூர்து, ஒனக்கு இது தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்ண்ணே. சொல்லியிருந்தா மறுநாள் படகுல ஏறியிருப்பியளா?"

"நடிக்கப் போனதையாவது சொல்லலாம்லா."

"நீங்க கேலி பண்ணுவியன்னு பயந்துட்டாவ. சுவத்துல பாத்துட்டு மச்சான் என்ன குறை சொல்லுதான்னு பாப்போம்னாவ."

லூர்துவுக்குத் தெரியும். நேற்று வந்த பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. தப்புச் செய்த வெட்கம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட இதுதான் அதிகமாக எரிகிறது. ரெண்டு மாசம் அவள் உன் எதிரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். நான் உன்னோடு இத்தனை படம் பார்த்தும் கேட்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன். என்னிடம் திட்டியாவது சொல்லியிருக்கக் கூடாதா?

மறுநாள் மீரா கேட்டாள், "அந்த இடம் உங்களுக்குச் சங்கடம்னா எடுத்துரட்டுமா அண்ணாச்சி? மச்சான் யாருன்னு ஊருக்கே தெரியும்ல."

சரி என்று சொல்ல வாய் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதை வெட்டினால் உன் முகத்தில் அந்தச் சிரிப்பும் போய்விடும். "மச்சான்" என்று சொல்லும்போது வருகிற சிரிப்பு. அது எனக்கு உரியது, அவளுக்கு இல்லை. "ஒண்ணையும் வெட்டாத பிள்ள" என்றேன்.

வருகிற ஞாயிறு படம் போடுகிறோம். உன் நாற்காலியில் லூர்து உட்காருவாள். நான் முன்வரிசையில், ஊர் முழுக்க என் முதுகைப் பார்க்கும்படி. வாசலில் கப்பலே வந்து நின்றாலும் இந்தத் தடவை உன்னை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன்.

உன் கயிற்றைப் பிடித்த மச்சான்,
பால்பாண்டி