சாவி கொடுத்தவன்

வேங்கிக்கால்,
ஐப்பசி 24.

அன்பு மகள் கவிநிலாவுக்கு,

அப்பா எழுதுவது. ஆபீஸ் விலாசத்துக்குக் கடிதம் வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், சம்பந்தியம்மா காதில் எல்லாம் விழும். அதனால்தான் புனே வரைக்கும் தபால். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு. ஐந்தாம் மாதத்தில் கால் வீங்கினால் டாக்டரிடம் சொல். இதையெல்லாம் உன் அம்மா சொல்லியிருக்க வேண்டும், எனக்குப் பாதிதான் தெரிகிறது.

இங்கே மழை விட்டபாடில்லை. வாடகை அறையில் ஒரு வேட்டி காய இரண்டு நாள் ஆகிறது. கலெக்டர் ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ரிட்டயரான பிறகும் அதே வேங்கிக்காலில், அதே ஓட்டல் சாம்பாரில் விழுந்து கிடக்கிறேன். அடி அண்ணாமலையில் உன் கொள்ளுத்தாத்தா கட்டிய நூறு வருஷத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. உன் அம்மா அவிட்ட நட்சத்திரத்தில் போனாள், ஆறு மாதம் அடைப்பு. எடுத்த அன்றே கழுவிவிட்டு, பூட்டி, வாசற்படியில் முள் வெட்டிப் போட்டோம். கருமாதிகூட வளவன் மாமா வீட்டில்தான் நடந்தது. தை கடைசிவரை நம் வீட்டார் யாரும் படி மிதிக்கக் கூடாது. இது உனக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் வீட்டுக்குள் எடுத்து ஊரெல்லாம் போனில் சுற்றுகிற அந்தப் படங்களைக் காட்டி, பேய் வீட்டுக்குப் பிள்ளைத்தாய்ச்சியை அனுப்ப மாட்டேன், பிரசவம் புனேயிலேயே ஆகட்டும் என்று சம்பந்தியம்மா சொன்னதாக அழுதாயே, அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. படம் எடுத்தவர்கள் பூட்டை உடைத்து உள்ளே போனார்கள் என்று மாமா புகார் எழுதி வைத்திருக்கிறார். நான் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. இரண்டு நாளாகப் பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன்.

பூட்டை யாரும் உடைக்கவில்லை கண்ணு. சாவியை நான்தான் கொடுத்தேன்.

தினமும் காலையில் ஏழாம் நம்பர் பஸ் பிடித்துப் போய், நம் வீட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வருவேன். உன்னிடம் சொல்லவில்லை, திட்டுவாய் என்று. போன மாதக் கடைசி சனிக்கிழமை ஒரு கார் வந்து நின்றது. தேவிப்ரியா என்று ஒரு பெண், கலையரசன் என்று ஒரு பையன். சென்னையிலிருந்து விடிகாலை கிளம்பி, பயமுறுத்துகிற பழைய வீடுகளாகப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு சாயங்காலமே திரும்ப வேண்டுமாம். வெளிநாட்டில் இந்த மாதம் பேய்ப் பண்டிகையாம், அதற்காக. இங்கே பித்ருக்களுக்குப் படைத்து முடிக்கிறோம், அங்கே அவர்களுக்கு வேஷம் போடுகிறார்கள் போல.

அந்தப் பெண் என்னிடமே வந்து, "ஐயா, இது யார் வீடுங்க, உள்ள போய் நாலு படம் எடுத்துக்கலாமாங்க?" என்று கேட்டது. முள்ளையும் பூட்டையும் காய்ந்த செடியையும் பார்த்து மயங்கிவிட்டார்கள். துரத்தியிருக்க வேண்டும். என் புத்தி வேறு விதமாகப் போயிற்று. நம் வீட்டார் போகக் கூடாது, வெளியார் போனால் என்ன? மழை ஜாஸ்தி, சமையலறைக் கூரை ஒழுகுகிறதா என்று பார்த்துச் சொல்லட்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். கூரையாவது ஒன்றாவது. அம்மா விட்டுப்போன இடத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். "பின்பக்கமா போங்கம்மா, முள்ள தாண்ட வேணாம்" என்று சொல்லிச் சாவியை நீட்டினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனார்கள். அரை மணியில் வந்து, கேமரா பின்னால் இருக்கிற சின்னத் திரையில் காட்டினார்கள். கண் கலங்கி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நல்ல பிள்ளைகள் என்று, அம்மா போனதைச் சொல்லி, போன் நம்பரும் கேட்டு வைத்துக்கொண்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

நான்காம் நாள் மாமா போனை நீட்டினார். கொடியில் கிடந்த அம்மாவின் பச்சைப் புடவை. அதன் கீழே, செத்துப்போனவள் புடவை காற்றில்லாமல் ஆடுகிறது என்று எழுதியிருந்தார்கள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த கூட்டம் நம் கேட்டில் நின்று செல்பி எடுத்தது. யாரோ எலுமிச்சம்பழம் நறுக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சில்லறையில் ஐந்து ரூபாய் அதிகம் வந்தாலும் கடைக்குத் திருப்பிக் கொடுக்கிறவளைப் பேய் என்கிறார்கள், நான் எதிர்க் கடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அழுதாள், அன்றைக்கே அழித்துவிட்டாள். ஆனால் நூறு பேர் எடுத்து மறுபடி போட்டிருக்கிறார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை எதைக் கொண்டு மூடுவது?

புகாரில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். மாமாவிடம் நாளைக்குச் சொல்கிறேன். அடைப்பு வீட்டைத் திறந்துவிட்டவன் என்று அவர் என் முகத்தில் விழிக்காமல் போகலாம். அதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. மற்றவர்கள் மறுபடி போட்டதில் சமையலறைப் படம் ஒன்று இருக்கிறது, பெரிதாக்கிப் பார். ஜன்னல் விளிம்பில், கடுகு டப்பாவுக்குப் பின்னால், அம்மாவின் கண்ணாடி. ஒரு பக்கம் உடைந்து நான் கறுப்பு நூல் சுற்றிக் கொடுத்தேனே, அதே கண்ணாடி. அன்றைக்கு எவ்வளவு தேடியும் கிடைக்காமல், கண்ணாடி போடாமலே அவளை அனுப்பிவிட்டோம். மூன்று மாதமாக அதை நினைத்துத்தான் தூக்கமில்லை. இத்தனை அசிங்கத்திலும் அந்தப் படத்தை அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பிரதி நீ வைத்துக்கொள்.

பிரசவத்துக்கு வா என்று கேட்க எனக்கு வாயில்லை. உன் மாமியாரும் மாப்பிள்ளையும் சொல்கிறபடி செய். நீயும் வயிற்றுப் பிள்ளையும் நோய்நொடியில்லாமல் இருக்க அண்ணாமலையார் துணையிருப்பார். தை கடைசியில் பூட்டை நான் திறந்துவிடுவேன். அந்தக் கடுகு டப்பாவை நகர்த்தத்தான் என் ஒருவனால் ஆகாது கண்ணு.

உன் அப்பா,
சகாதேவன்