ஏரிக்கரை மஞ்சள் கோடு

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. காற்று இல்லை. ஏரிப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் நாற்றம், மூடினால் புழுக்கம். திறந்துவிட்டு ஊதுவத்தி ஏற்றினேன்.

இன்று: ஊறுகாய் மாங்காயை வெயிலில் வைக்க. கேஸ் பதிய. அவருக்கு பி.பி. மாத்திரை.

வாட்ஸப் குழுவில் ஒரே குதூகலம். இந்தக் குடியிருப்புக்கு முதல் ஆண்டு விழாவாம். கேக் உண்டு, ஏரிக்கரையில் யோகா உண்டு. ஏரி என்று இவர்கள் சொல்வதில் தண்ணீரைவிட ஆகாயத்தாமரை அதிகம். விளம்பரத் தாளில் பில்டர் ஜோடி அன்னம் போட்டிருந்தான். இங்கே இருப்பது மாட்டு முதுகில் சவாரி போகும் கொக்கு. அந்த அன்னத்தைப் பார்த்துத்தான் இவர் மயங்கினார். இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி, பெயிண்ட் ஷாப், சூப்பர்வைசர். வேலைக்காலம் முழுக்க முகமூடிக்குள் மூச்சு விட்ட மனுஷன். ரிட்டயர் ஆனதும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்றார். அம்பத்தூர் வீட்டை விற்றோம். கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். நாங்கள் கெடுவதற்கு முன்பே பட்டணத்தை விட்டு வந்தோம்.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்தவள். இந்தப் பக்கத்து வயலெல்லாம் மனையானது என் மேஜை வழியாகத்தான். "கிழக்கே ஏரி" என்று எல்லை எழுதிய பத்திரம் வந்தால் அப்போது உதட்டைப் பிதுக்குவார்கள். மழைக்குத் தண்ணீர் ஏறும், விலை போகாது. இப்போது அதே "கிழக்கே ஏரி"க்குத்தான் விலை. புத்தி மட்டும் அன்றும் இன்றும் ஒரே விலை.

வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. ஒரே சாம்பல் சுவர், ஒரே பழுப்பு கேட், ஒரே தொட்டியில் ஒரே குரோட்டன்ஸ். சாயங்காலம் கரையிலிருந்து திரும்பியவர் அடுத்த தெருவில் எவர் வீட்டுக்குள்ளோ போய் சோபாவில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். அந்த வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே கொண்டுவந்து விட்டாள். எல்லாருக்கும் நடப்பதுதானே ஆன்ட்டி என்றாள். ஆன்ட்டியாம். அவளுக்கே பேத்தி இருக்கிறாள்.

நானும் சிரித்து வைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

பால் லேட். பிள்ளைப்பாக்கத்திலிருந்து வரும் பால்காரம்மா குனியம்மா வழக்கம்போல வாசலில் நின்று ஊர்க்கதை. அவள் மகனுக்குக் கம்பெனியில் கான்ட்ராக்டில் லைன் வேலை, ஓ.டி. பார்த்து ஆளே கறுத்துவிட்டானாம். கிளம்பும்போது தெருவை ஒரு பார்வை பார்த்தாள். "எல்லா வூடும் ஒரே மாரி கீதும்மா. எங்க எருமய வுட்டா அதுவே கொயம்பிப் பூடும்."

இந்தக் காம்பவுண்டுக்குள் நான் கேட்ட முதல் அறிவுள்ள பேச்சு.

குழுவில் இன்றைய விவாதம்: கரையில் மாடு மேய்வதால் போட்டோ கெடுகிறது. யாரோ கைகூப்பிப் படம் போட்டார்கள். யாரோ "கம்யூனிட்டி" என்று எழுதி இதயம் போட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமமே குடியிருக்கிறது. அது இந்தக் கம்யூனிட்டியில் சேர்த்தி இல்லை போல.

ராத்திரி: மோர்க்குழம்பு. அவர் நன்றாகச் சாப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் சாப்பாடு ஆகவில்லையா என்று கேட்டார்.

ஜூன் 12, வியாழன்

நேற்று எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை.

நேற்று சாயங்காலம் கரைக்குப் போனவர் இருட்டியும் வரவில்லை. கரை என்ன கடலா? சின்ன கேட்டைத் திறந்தால் கரை, மூடினால் தெரு. போய்ப் பார்த்தேன், இல்லை. தெருத் தெருவாகத் தேடினேன். கடைசித் தெருவில், பூட்டிக் கிடந்த வீட்டு வாசலில், நம் சாவியை அந்தப் பூட்டில் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வேர்வை. என்னைப் பார்த்ததும் பூட்டு கெட்டுவிட்டது என்றார். பக்கத்தில் நாலு பேர் கைகட்டி வேடிக்கை. ஒருத்தன் நாயோடு.

இதில் மறைக்க என்ன இருக்கிறது. எழுதிவிடுகிறேன். அவருக்கு மறதி நோய். காஞ்சிபுரத்து டாக்டர் பொங்கலுக்கு முன்பே சொல்லிவிட்டார். பழசு நிற்கும், புதுசு நிற்காது என்றார். இந்த வீடு புதுசு. இந்தத் தெரு புதுசு. நல்ல வேளை பார்த்து வீடு மாறினோம்.

நாய்க்காரன் குழுவில் போட்டுவிட்டான். அதில் கார்த்தியின் நம்பரும் இருக்கிறது. என் பிள்ளை, பெங்களூரில். உடனே போன். மறைமலை நகர் பக்கம் ஒரு இல்லம் பார்த்து வைத்திருக்கிறானாம். நல்ல இடமாம், அங்கேயும் ஏரி தெரியுமாம். இந்தப் பையனுக்கு அப்பன் புத்தி அப்படியே. இன்னொரு தடவை இப்படி ஆனால் நேரில் வந்து அழைத்துப் போய்விடுவேன் என்றான். உன்னால தனியா முடியாதும்மா என்றான். அழுதான் போல. நான் போனை வைத்துவிட்டேன்.

கரைக்கே விடாமல் இருந்தால்? போன வாரம் ஜுரம் வந்தபோது விடவில்லை. இரண்டு நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சோறு இறங்கவில்லை. அந்த நாற்றம் பிடித்த ஏரியைப் பார்த்துவிட்டு வந்தால்தான் மனுஷனாக இருக்கிறார்.

ஜூன் 14, சனி

மேகமூட்டம். மழை வருகிற மாதிரி பாவனை மட்டும்.

வெள்ளிக்கிழமை நம் கேட்டில் சிவப்புத் துண்டு ஒன்று கட்டினேன், அடையாளத்துக்கு. மத்தியானமே காணோம். வாட்ச்மேன் இசக்கிமுத்து அவிழ்த்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். திருநெல்வேலிக்காரர். செயலர் உத்தரவாம்.

செயலர் முரளி. கம்ப்யூட்டர் கம்பெனி. அரைக்கால் சட்டையில் கூட்டம் நடத்துகிறார். இன்றைய கூட்டத்தில், கேட்டுக்கு மட்டும் வேறு கலர் அடித்துக்கொள்கிறேன் என்று கேட்டேன், காரணத்தையும் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரம் எல்லாரும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டார்கள். அப்புறம் முரளி: "ஆன்ட்டி, ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான். இன்னிக்கு நீங்க கேட்டுக்குக் கலர் மாத்துவீங்க, நாளைக்கு ஒருத்தர் வாசல்ல மாடு கட்டுவாரு."

ஒரே மாதிரி இருப்பதுதான் அழகாம். ஒரே மாதிரி இருக்கிற வீடு, ஒரே மாதிரி இருக்கிற மூளை.

அப்புறம் டீ, சமோசா. சமோசா ஊசல்.

ஜூன் 16, திங்கள்

ஸ்ரீபெரும்புதூர். அவருக்கு ரத்தப் பரிசோதனை, தனியார் ஆஸ்பத்திரி. ஷேர் ஆட்டோவில் போனோம். ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

ஆஸ்பத்திரியில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறான், லேப் வரைக்கும். நான் டோக்கனுக்கு நிற்கிறேன், திரும்பினால் இவர் இல்லை. ஓடினேன். கோட்டை ஒட்டி, கையை உடம்போடு ஒடுக்கி, நேராக நடந்துகொண்டிருக்கிறார். திரும்புகிற இடத்தில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, மறுபடி நடை. நான் கூட நடந்ததும் கையைப் பிடித்து இழுத்தார். "கோட்டுக்கு உள்ள வா விசாலம். ஃபோர்க்லிஃப்ட் வரும்."

லேப் வாசலில் போய் நின்றார். யாரையும் கேட்கவில்லை, தடுமாறவில்லை.

கம்பெனியில் சரக்குத் தூக்கும் வண்டி இடிக்காமல் இருக்க, நடக்கிறவர்களுக்கென்று மஞ்சள் கோடு உண்டு. அதைத் தாண்டி ஒரு கால் வைத்தாலும் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவாராம் இவர். அம்பத்தூரில் இருந்தபோது இதைச் சொல்லிச் சொல்லியே என் காதைத் தின்றிருக்கிறார். இப்போது காலுக்கு அது ஞாபகம் இருக்கிறது.

திரும்பும்போது பெயிண்ட் கடை. மஞ்சள் ஒரு டப்பா, பிரஷ். கடைக்காரர் எதற்கம்மா என்றார். கோலத்துக்கு என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

உச்சி வெயில். எல்லாரும் ஏ.சி.யில் அடைந்திருக்கிற நேரம். கரை கேட்டிலிருந்து நம் வாசல் வரை, சுவரோரம் ஓராள் நடக்க இடம் விட்டு ஒரே கோடு போட்டேன். இரண்டு கோடு போட முதுகு இல்லை. ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் சுவர், நடுவில் அவர். முட்டி விட்டுப்போயிற்று. கோடு பாம்பு மாதிரி நெளிகிறது, இருக்கட்டும்.

சாயங்காலம் நான் கூடப் போகவில்லை. மாடியில் நின்று பார்த்தேன். கரை கேட்டில் கொஞ்சம் திகைத்தார். கீழே பார்த்தார். அப்புறம் வந்தார், திருப்பத்தில் நின்று பார்த்து, நேராக நம் வாசலுக்கு. காபி கேட்டார்.

காபியில் சர்க்கரையை இரண்டு தடவை போட்டேன். சந்தோஷம்தான். இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்.

ஜூன் 18, புதன்

குழுவில் எழுபது மெசேஜ் இருக்கும். "யார் செய்த வேலை", "லேக் வியூவின் அழகே போச்சு", "ரீசேல் வேல்யூ". ஆகாயத்தாமரையும் சாக்கடையும் கெடுக்காத அழகை நாலு விரல்கடை மஞ்சள் கெடுத்துவிட்டதாம்.

முரளி வந்தார். தெருவெல்லாம் பஞ்சாயத்துக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாயிற்று, பத்திரத்தைப் படியுங்கள், அங்கே உங்கள் ரூல் செல்லாது என்றேன். நீங்கள் ரெஸ்ட் எடுங்கள் ஆன்ட்டி என்று போய்விட்டார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். இவர்களுக்கு சட்டமே கோணல்.

ஜூன் 20, வெள்ளி

தூறல்.

மத்தியானம் நான் கண் அசந்த நேரத்தில் பாதிக் கோட்டை சாம்பல் பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டார்கள். கரைப் பக்கத்துப் பாதி அப்படியே. திருப்பத்திலிருந்து நம் வீடு வரை இல்லை. எனக்குத் தெரியாது. அவரை வழக்கம்போல அனுப்பிவிட்டு தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன்.

தூறல் வலுத்தும் வரவில்லை. குடையோடு போனேன். கோடு முடிகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கால் இரண்டும் சேர்த்து, கையை ஒடுக்கி. தலையிலிருந்து தண்ணீர் வழிகிறது. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குடும்பமே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தராவது இறங்கி வந்து கையைப் பிடித்தார்களா?

"லைன் முடிஞ்சிடுச்சு," என்றார். "இதுக்கு மேல போகக்கூடாது."

கூட்டி வந்தேன். தலை துவட்டினேன். மிளகு ரசம்.

இவர்கள் வீடு விளங்கவே விளங்காது. எழுதிவிட்டேன், எழுதியதை அடித்துத் திருத்தப் போவதில்லை.

ஜூன் 21, சனி

கார்த்தி போன். எவனோ மழையில் நின்ற போட்டோவை அனுப்பியிருக்கிறான். நாளை மறுநாள் கிளம்பி வருகிறானாம். வா, வந்து ஒரு சாயங்காலம் உங்கள் அப்பா எப்படித் திரும்பி வருகிறார் என்று பார், அப்புறம் பேசு என்றேன். சரி என்றான், மனசில்லாமல்.

பத்து மணிக்கே டப்பாவை எடுத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்தேன். ஒளிந்து போட இது என்ன திருட்டா? முரளி வந்தார், பின்னால் இரண்டு பேர். நான் எழுந்திருக்கவில்லை. "நேத்து அவர் நின்ன இடத்துல உங்க அப்பா நின்னிருந்தா, அந்தச் சாம்பல் டப்பாவ யார் தலையில கொட்டுவீங்க முரளி?" என்றேன். செல்போனைப் பார்த்தபடி போய்விட்டார். வெட்கமா, வேறு வேலையா, தெரியவில்லை. எனக்குத் தேவையும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் இசக்கிமுத்து வந்து பக்கத்தில் நின்றார். "நாந்தாம்மா அழிச்சேன். அழின்னாவ, அழிச்சேன். வேல போயிரும்லா." நான் பிரஷைத் தோய்த்தேன். அவர் போகவில்லை. உள்ளே போய்க் கயிறு எடுத்து வந்தார். "நான் பிடிக்கேன். நீங்க போடுங்க, கோணாம வரும்."

இந்த முறை நேராக வந்தது.

ஜூன் 22, ஞாயிறு

வெயில் மட்டு. காற்று நம் பக்கம் இல்லை, நாற்றமும் இல்லை. ஆண்டு விழா கரையில் மைக் கட்டி நடக்கிறது. கேக்கில் அன்னம் போட்டிருந்தார்களாம்.

கார்த்தி நாளை காலை வருகிறான். இட்லி மாவு தயார். அவன் அறைக்குப் போர்வை.

சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டேன். மைக் சத்தம், கூட்டம், குழந்தைகள் கோட்டின் மேல் சைக்கிள். இவர் எதையும் பார்க்கவில்லை. கோடும் சுவருமாக, திருப்பத்தில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, வந்தார். நம் வாசலில் கோடு முடிகிற இடத்தில் நின்றார். சரியாக நம் வாசலில்.

குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். "நேரா போட்டிருக்கீங்க. ஓரம்தான் கொஞ்சம் பிசிறு."

அப்புறம் என் கையில் போகாமல் ஒட்டியிருந்த மஞ்சள் பெயிண்டைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மரியாதையாகக் கேட்டார், "நீங்க எந்த ஷிஃப்ட்டும்மா?"

எனக்கு வாயில் எப்போதும் ஒரு பதில் இருக்கும். எவனுக்கும் இருக்கும்.

ஜெனரல் ஷிஃப்ட் என்றேன்.

சாப்பிட்டாச்சா என்று கேட்டார். இல்லை என்றேன். வாங்க, கேன்டீன் திறந்திருக்கும் என்று சொல்லி, எனக்காக ஒதுங்கி வழி விட்டார். உள்ளே போய் இரண்டு தட்டு வைத்தேன்.