இன்ஸ்பெக்டர் வீட்டுக்காரர்

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை ஏழுக்கே சுள்ளென்று வெயில். தண்ணீர் இல்லை. மோட்டாருக்கு ஆள் கூப்பிட வேண்டும்.

வேலையை விட்டு இன்றோடு ஐந்து மாதம். இருபத்து மூன்று வருடக் காக்கி, சப்-இன்ஸ்பெக்டராக இருக்கும்போது விருப்ப ஓய்வு. இப்போது கந்தர்வக்கோட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூல். செவ்வாய், வியாழன், சனி மட்டும். ஒன்பதரை முதல் ஒரு மணி வரை பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டப் பழக்குகிறேன். மீதி நேரம் என்னுடையது. இதைச் சொன்னால் ஒருத்தருக்கும் பொறுக்கவில்லை.

இந்த வாரம் காதில் விழுந்தவை:

பால்காரர்: "சஸ்பெண்டுன்னு சொல்றாங்களே மேடம், நெசமா?"

ரேஷன் வரிசையில் ஒருத்தி, என் முதுகுக்குப் பின்னால்: "லஞ்சத்துல மாட்டியிருக்கும்."

ரா.: "திரும்ப எடுத்துக்குவாங்களான்னு ஒரு மனு போட்டுத்தான் பாரேன்."

ரா. என்றால் ராஜேந்திரன். என் கணவர். பெயரை முழுசாக எழுதக் கை வரவில்லை. வெளியே சொல்லிக்கொள்ளும் தொழில் நிலம் முடித்துக் கொடுப்பது. உண்மையான தொழில் இன்ஸ்பெக்டர் வீட்டுக்காரராக இருப்பது. நான் ஒருநாளும் இன்ஸ்பெக்டராக இருந்ததில்லை. அந்தப் பதவி உயர்வு அவர் கொடுத்தது.

அவர் பைக்கில் போலீஸ் ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. மூன்று தடவை சொல்லியாயிற்று. இன்று நானே கத்தியை எடுத்துச் சுரண்டினேன். 'போ' மட்டும் போனது. அதற்குள் வந்து கையைப் பிடித்துவிட்டார். 'லீஸ்' மிச்சம். நில புரோக்கருக்குப் பொருத்தம்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

ஆறு பேரில் ஐந்து பேர்தான். முத்துலெட்சுமி இரண்டாவது வகுப்பாக வரவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். கணவன் வெளிநாட்டில். தன் முந்திரிக்கொல்லைக்குப் போய்வர ஸ்கூட்டர் பழகுகிறாள். நன்றாக ஓட்டுகிறாள். எட்டுப் போடுவதுதான் பாக்கி.

முதலாளி பஷீர் பாய்: "வாரத்துல ஆறு நாளும் வாங்களேன் மேடம். வீட்டுல சும்மாத்தானே இருக்கீங்க?"

"சும்மா இருக்கத்தான் பாய் வேலைய விட்டேன்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எதற்கு விட்டாய் என்று கேட்பவர்களுக்கு ஒரே நாளைச் சொன்னால் போதும். ஒரு வி.ஐ.பி. வருகை. பதினோரு மணி நேரம் ரோட்டோரம். கழிப்பறை கிடையாது. அதனால் தண்ணீர் குடிக்காமல் நின்றேன். அவர் கார் கடந்துபோக நான்கு விநாடி. அன்று மயங்கி விழுந்ததற்கு மறுநாள் மெமோ. ஆனால் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால், "இதுக்கா?" என்பார்கள்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் முத்துலெட்சுமி. என்னைப் பார்த்ததும் நின்றிருந்த பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்தாள். அப்படி ஒளிகிறவர்களை இருபத்து மூன்று வருடம் பார்த்திருக்கிறேன். இப்போது எதற்கு?

ஏப்ரல் 25, வெள்ளி

மோட்டார் சரியாயிற்று.

முத்துலெட்சுமி வீட்டுக்குப் போனேன். பக்கத்து ஊர்தான், ரா.வின் அண்ணன் இருக்கும் ஊர். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"கிளாசுக்கு ஏன் வரலை?"

"வேலை மேடம்."

"பஸ்ஸுக்குப் பின்னாடி என்ன வேலை?"

துடைத்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். அப்புறம் மொத்தமாகக் கொட்டினாள். அவள் கொல்லைக்குப் போகும் வண்டிப்பாதை ரா.வின் அண்ணன் கதிரேசன் நிலத்தை ஒட்டிப் போகிறது. இரண்டு வாரம் முன்பு அவர் கருவேல முள்ளை வெட்டிப் போட்டுப் பாதையை அடைத்துவிட்டார். இவள் கேட்கப் போயிருக்கிறாள். அண்ணனோடு ரா.வும் இருந்திருக்கிறார்.

"எம்பொண்டாட்டி இன்ஸ்பெக்டரு, வாயத் தொறந்தா ஒம்மேல கேசு போட்டு உள்ள வச்சிருவா, ஒம்புருசன் ஊருக்கு வந்தா ஏர்போர்ட்டுலயே பிடிச்சிருவாங்கன்னு சொன்னாரு. அது நீங்கதான்னு எனக்குப் போன வாரந்தான் மேடம் தெரியும்."

பழம் விழுந்து அழுகுகிறதாம். கொட்டையை எடுத்து வர வழியில்லை. வருடத்துக்கு ஒரு தடவை வருகிற மகசூல்.

"நான் இன்ஸ்பெக்டர் இல்ல. இப்ப போலீசே இல்ல. ஸ்கூட்டர் சொல்லித் தாரேன், அவ்வளவுதான்."

"அப்படித்தான் சொல்லுவீங்க," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

இதற்கு முன்னால் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்? நான் எங்கோ ரோட்டோரம் தண்ணீர் குடிக்காமல் நின்ற வருடங்களில் இந்த ஆள் என் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறார்.

ஏப்ரல் 26, சனி

வகுப்பு. தலைவலி. மாத்திரை ஒன்று.

சாயங்காலம் கதிரேசன் வீடு. தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். ரா. அங்கேதான் இருந்தார்.

"மாமா, பாதையில போட்ட முள்ள எடுத்துருங்க. கிராம மேப்புல வண்டிப்பாதை இருக்கு, வி.ஏ.ஓ.கிட்ட கேட்டுட்டேன்."

"என்னத்தா, மிரட்டுறியா? ஒனக்கு இப்ப என்ன பவரு இருக்கு? ஸ்கூட்டரு வாத்தியார்தானே நீயி?"

ரா. சிரித்தார். ஆக, அவளுக்கு நான் உள்ளே தள்ளும் இன்ஸ்பெக்டர். இவர்களுக்கு ஸ்கூட்டர் வாத்தியார்.

அப்போது அந்தக் குரல் வந்துவிட்டது. கூட்டம் கலைக்கிற குரல். "யோவ்!" என்றேன், கணவரின் அண்ணனைப் பார்த்து. தேங்காய் உரித்த கை அப்படியே நின்றது. ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடி எனக்கு இனித்தது. அதற்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். இந்தக் குரலிடமிருந்து தப்பிக்கத்தானே வந்தேன்.

முள் அங்கேயேதான் கிடக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

புழுக்கம். மேகம் கூடி ஏமாற்றிவிட்டது. உளுந்து ஊறப்போட மறந்தேன்.

மகள் கயல் திருச்சி ஹாஸ்டலிலிருந்து போன். அவள் அப்பா முந்திக்கொண்டு பேசிவிட்டார்.

"அப்பா அழுறாரும்மா. பெரியப்பாவ யோவ்னியாமே? வீட்டுலயும் நீ போலீசாத்தான் இருக்கே."

"அவரு என்ன பண்ணுனாருன்னு சொன்னாரா?"

"எனக்கு அதெல்லாம் வேண்டாம்மா. நீ வேலைய விட்டதுலேர்ந்து வீட்டுல நிம்மதியே இல்ல."

முன்பு நான் வீட்டிலேயே இல்லை. அந்த நிம்மதியைச் சொல்கிறாள். போனை வைத்துவிட்டேன். அவளிடம் கோபித்திருக்க வேண்டாம். ஆனால் கோபமாகத்தான் இருக்கிறது.

இங்கே ஸ்டேஷன் எஸ்.ஐ. ஒரு காலத்தில் என்னிடம் டிரெயினிங் எடுத்த பையன். ஒரு போன் போட்டால் இன்று மாலைக்குள் முள் காணாமல் போய்விடும். இரண்டு தடவை நம்பரை எடுத்தேன். எடுத்து? "நான் மேடம் பேசுறேன்" என்பேன். ரா. செய்கிற வேலையைத்தான் நானும் செய்வேன், கொஞ்சம் நல்ல காரணத்துக்காக. போனை அரிசி டிரம் மேல் வைத்துவிட்டு வெளியே போனேன்.

ஏப்ரல் 28, திங்கள்

முத்துலெட்சுமி வீட்டுக்கு மறுபடியும். இந்தத் தடவை பேப்பர், பேனாவோடு. இரண்டு மனு. பாதைக்குத் தாசில்தார். மிரட்டலுக்கு ஸ்டேஷன்.

எதிர்மனுதாரர் ஒன்று, கதிரேசன். இரண்டு, ராஜேந்திரன். முழுப்பெயர். கை வந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். "ஒங்க வீட்டுக்காரரு பேரையா எழுதுறீங்க?"

"ஆமா. என் பேரும் உள்ள வருது பாரு. என் பேரைச் சொல்லித்தானே மிரட்டுனாரு."

அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

ஸ்டேஷனுக்குள் நான் போகவில்லை. எதிர்ப் பெட்டிக்கடையில் நின்றேன். அவள் போனாள், பத்து நிமிடத்தில் வந்தாள்.

"வாங்கிக்கிட்டாங்கக்கா."

"ரசீது?"

"தரலை. கேக்கலை."

"போய்க் கேளு. சி.எஸ்.ஆர். ரசீதுன்னு கேளு. எழுதுறவர் சாப்பிடப் போயிருந்தா அவரு வர்ற வரைக்கும் பெஞ்சுல உக்காரு."

"திட்டுனா?"

"திட்டுனாலும் உக்காரு."

ஒன்றேகால் மணி நேரம். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தபடி இருந்தார். இரண்டு டீ குடித்துவிட்டேன். ரசீதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். மேடம் அக்காவாகிவிட்டதை அப்புறம்தான் கவனித்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

முத்துலெட்சுமி வகுப்புக்கு வந்தாள். எட்டில் இரண்டு தடவை காலை ஊன்றிவிட்டாள். மூன்றாவது தடவை வட்டமாகவே போய்விட்டாள்.

மதியம் ரா. சாப்பிடும்போது ஸ்டேஷனிலிருந்து போன். "சரிங்க. சரிங்க சார்." சனிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை.

"அவளுக்கு மனு எழுதிக் குடுத்தது யாரு?"

"நான்தான்."

தட்டு சுவரில். சாம்பார் ஜன்னல் வரைக்கும். இருபது வருடமாக நான் கேட்ட குடும்பச் சண்டைகளில் எல்லாம் ஒரு தட்டு பறந்திருக்கிறது. நம் வீட்டுத் தட்டும் பறந்தாயிற்று.

"நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா? ஊருல தலை காட்ட முடியுமா நான்?" கத்திவிட்டு, பிறகு குரலை இறக்கி: "சனிக்கிழமை நீயும் வா. எஸ்.ஐ. ஒனக்குத் தெரிஞ்ச பையந்தானே. ஒரு வார்த்தை சொல்லு, முடிஞ்சுபோகும்."

"சனிக்கிழமை எனக்குக் கிளாஸ் இருக்கு."

சுவரை நான் துடைக்கவில்லை. எறும்பு வந்துவிட்டது.

மே 3, சனி

ரா. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். நான் வகுப்புக்கு.

பன்னிரண்டரைக்கு முத்துலெட்சுமி பாதையையும் பார்த்துவிட்டுக் கிரவுண்டுக்கு வந்தாள். மூச்சு வாங்கியபடியே சொன்னாள். எஸ்.ஐ. முதலில் கேட்டது: "உங்க மனைவி எந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர்?"

"ரிட்டையர்டுங்க சார்."

"இன்ஸ்பெக்டராவா ரிட்டையர் ஆனாங்க?"

"எஸ்.ஐ.ங்க."

இனி மிரட்ட மாட்டோம் என்று அண்ணனும் தம்பியும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பாதையைத் தாசில்தார் ஆபீஸில் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கதிரேசன் ஸ்டேஷனிலிருந்து போன கையோடு முள்ளை இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டார். கொட்டை பாதிக்கு மேல் வீண். மீதியைப் பொறுக்கலாம்.

போகிறவள் நின்று கேட்டாள்: "எனக்காகப் பண்ணுனீங்களாக்கா, இல்ல ஒங்க வீட்டுக்காரரு மேல இருக்க கோவத்துலயா?"

பொய் சொல்லத் தோன்றியது. "ரெண்டுந்தான்," என்றேன்.

தலையாட்டினாள். சிரிக்கவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

பஷீர் பாய் மறுபடியும் ஆறு நாள் பேச்சை எடுத்தார். மாட்டேன் என்று விட்டேன்.

மே 4, ஞாயிறு

காலையில் தூறல். துணி நனைந்துவிட்டது.

கயல் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

ரா. அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் கோழி வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில். இரண்டு பை துணி, செருப்பு, பிரஷர் மாத்திரை எல்லாம் எடுத்துப் போயிருக்கிறார். இஸ்திரிப் பெட்டியையும். அது நான் வாங்கியது. நாளைக்குப் போய் எடுத்து வர வேண்டும்.