உன் உளுந்து காய்த்துவிட்டது, கன்னியம்மா

என் கண்ணான கன்னியம்மா,

அன்றைக்கு, நீ கண்மூடி விட்டுப்போன உன் கழனியில் நின்றவர்கள்: நான், உன் மகள் செல்வி, முதுகில் ஸ்பிரேயரோடு ஒதியம்பட்டு அந்தோணி, உன் புருஷன் ஏழுமலை. அவன் பிடித்த கயிற்றில் நாலு ஆடு. அவற்றையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாரையும்விட ஆவலாக நின்றவை அவைதான்.

நெல் அறுத்த ஈரத்தில் விதைத்த உளுந்து. பூக்கிற நேரத்தில் மழை இல்லை, ஏரியும் வறண்டுவிட்டது. மத்தியானமானால் இலையெல்லாம் துவண்டு தொங்கும். காய்ந்து போவதை ஆடாவது தின்னட்டும் என்றான் ஏழுமலை. நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வருஷம் பேசிய அதே பேச்சு.

செல்வி உன்னைப்போல வாயில்லாதவள் இல்லை. இலையில் தெளிக்கிற ‘நானோ’ என்கிற திரவ உரம் வாங்கி வந்திருந்தாள். எனக்கே நம்பிக்கையில்லை.

"இம்மாத்தூண்டு பாட்டில்ல இன்னாடி இருக்கும்?" என்றேன்.

"வேரு இழுக்க ஈரம் இல்ல பெரிம்மா. அதான் இலைக்கு ஊட்டப் போறேன். மழை வர வரைக்கும் தாக்குப் புடிக்கும்."

"வரலன்னா?" என்றான் ஏழுமலை.

"வரலன்னா நானே கயித்த அவுத்து வுடறேன்பா. அதுவரைக்கும் ஆடு வரப்பத் தாண்டக் கூடாது."

வெயில் இறங்கியதும் அந்தோணி தண்ணீரில் அளவாகக் கலந்து இலை நனையத் தெளித்தான். தினமும் நான் வரப்பில் காவல் உட்கார்ந்தேன். கொஞ்சம் பூ உதிர்ந்தது, மிச்சம் நின்றது. அப்புறம் ஒரு தூறல். மேட்டுப் பக்கம் போனது போனதுதான். பள்ளத்தில் எல்லாம் காய், கன்னியம்மா. உரித்தால் உள்ளே முழுசாகப் பருப்பு.

அந்த வருஷம் அவன் ஆட்டை அவிழ்த்துவிட்டதும் பூத்து நின்ற உளுந்தில்தானே? நீ வருகிறவரை ஏன் அவனால் பொறுக்க முடியவில்லை? ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நீ நேரே கழனிக்குப் போனாய். ஆடு கடித்துப் போட்ட ஒரே ஒரு செடியை நிமிர்த்தி மண் அணைத்தாய். அதைப் பார்த்தவள் நான்தான்.

புது உளுந்தில் சுட்ட முதல் வடையை ஏழுமலை தின்றான். "கன்னியம்மா கைப்பக்குவம் அண்ணி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். இன்னும் இரண்டு வைத்தேன்.

விதைக்கு எடுத்து வைத்தாயிற்று. நான் இருக்கிறவரை உன் கழனியில் ஆட்டின் கால் படாது. அவனுக்குச் சோறு போடுவேன், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பேன். மன்னிக்க மட்டும் மாட்டேன், ஏழுமலையை.

அண்ணன் தம்பியைக் கட்டி ஒரே வீட்டுக்கு வந்த உன் அக்கா,
ஓரகத்தி பாக்கியம்